சி6 தண்டுவடக் காயம்: மடிக்கும் பேட்டரி வீல்சேரா, சாயும் இருக்கை உள்ளதா?

வைகைக்கரை:
வணக்கம். தம்பிக்கு 29 வயது, 68 கிலோ. கழுத்தில் சி6 (ஆறாவது கழுத்தெலும்பு) மட்டத்தில் காயம். மணிக்கட்டைத் தூக்குகிறான், விரலில் பிடிமானம் இல்லை. தினம் எட்டு மணி நேரமாவது உட்கார வேண்டியிருக்கும். இரண்டு வண்டி பார்த்திருக்கிறோம். ஒன்று கார் டிக்கியில் மடித்து வைக்கும் லித்தியம் வண்டி, 27 கிலோ. இன்னொன்று மடங்காது, ஆனால் இருக்கை மொத்தமாகப் பின்னால் சாயும். 100 கிலோவுக்கு மேல். வாசல் தரையை விட 15 அங்குலம் உயரம். குளியலறைக் கதவில் 27 அங்குல வழி, அதற்கு முன்னால் 3 அடி அகல நடைவழி. எதை எடுப்பது?

இயன்முறை_சேலம்:
மோட்டாரைப் பிறகு பாருங்கள், முதலில் இருக்கை. சி6 காயத்தில் வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் உடம்பை நிமிர்த்திப் பிடிக்காது. மடிக்கும் வண்டிகள் பலவற்றில் இருக்கை வெறும் துணிதான். அது நாளடைவில் தொட்டில் மாதிரி தொய்யும், இடுப்பு ஒரு பக்கம் சரியும், ஒரே எலும்பின் மேல் பாரம் ஏறும். உணர்ச்சி இல்லாததால் புண் வருவது தெரியாது.

முதுகுப்பலகை மட்டும் சாய்வது வேறு, இருக்கையோடு சேர்ந்து மொத்தமாகச் சாய்வது வேறு. முதுகு மட்டும் சாய்ந்தால் உடம்பு வழுக்கி, வால் எலும்புப் பக்கம் தோல் உரசும். கால் இறுக்கமும் கிளம்பும். மொத்தமாகச் சாய்ந்தால் இடுப்பு மடிந்த கோணம் மாறாது, பாரம் முதுகுக்குப் போகும். 30 டிகிரிக்கு மேல் சாய வேண்டும், அரை மணிக்கு ஒரு தடவை, இரண்டு மூன்று நிமிடம். உட்கார வைத்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றினாலும் மொத்தமாகச் சாய்க்கும் இதே வசதிதான் உதவும். எட்டு மணி நேரம் என்றால் என் பதில் இரண்டாவது வண்டி.

அளவு: இடுப்பின் அகலத்தோடு ஒரு அங்குலம் கூட்டுங்கள். பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து இரண்டு அங்குலம் குறைத்தால் இருக்கையின் ஆழம். பலரும் மறப்பது உயரத்தை: இருக்கை 19 அங்குலம், அதன் மேல் மெத்தை 3 என்றால் 22. கட்டில் 18 என்றால் இறங்குவது சுலபம், ஏறுவது மலை. கட்டில் காலுக்கு அடியில் மரக்கட்டை வைத்துச் சமப்படுத்துங்கள்.

ஸ்பேனர்:
ஜாய்ஸ்டிக் குமிழைக் கழற்றிவிட்டு, மணிக்கட்டு உள்ளே உட்காரும் 'ப' வடிவப் பிடி போடச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், வேகம் ஏறுவதையும் இறங்குவதையும் ப்ரோகிராம் பண்ணித் தருவார்களா என்று கேட்பது. கம்பெனி அமைப்பில் கையை விட்டதும் வண்டி படக்கென்று நிற்கும். வயிற்றுத் தசை இல்லாதவர் முன்னால் கவிழ்வார். வேகம் மெதுவாக இறங்கும்படி மாற்றி, நெஞ்சு பெல்ட்டும் போட வேண்டும்.

வாசலுக்குச் சாய்தளம் 1:12, அதாவது ஒரு அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம். 15 அங்குலத்துக்கு 15 அடி நீளம். ஆளோடு சேர்த்து 170 கிலோ ஏறப்போகிறது, பலகை தாங்காது. கான்கிரீட் போட்டு துடைப்பத்தால் கோடு இழுக்கச் சொல்லுங்கள்; வழவழப்பான டைல்ஸ் மழையில் வழுக்கும். அடியில் தரையோடு சேரும் இடம் சட்டென்று மடங்கினால் கால்பலகை இடிக்கும், அல்லது பின்பக்கக் குட்டிச் சக்கரம் ஊன்றிக்கொண்டு மோட்டார் சக்கரம் அந்தரத்தில் சுற்றும்.

மோட்டார் பக்கத்தில் ஒரு லீவர் இருக்கும், தள்ளிக்கொண்டு போவதற்கு. அதை விடுவித்தால் மின்காந்த பிரேக்கும் சேர்ந்தே விடுபடும். சரிவில் தொடவே கூடாது. வீட்டில் எல்லோருக்கும் காட்டி வையுங்கள்.

வைகைக்கரை:
இரண்டு பேருக்கும் நன்றி. வீட்டு முன்னால் 10 அடிதான் இருக்கிறது. இரண்டாவது வண்டியின் அகலம் 25 அங்குலம். கதவில் நுழையும், ஆனால் 3 அடி நடையில் திரும்புமா?

ஸ்பேனர்:
பின்சக்கர ஓட்ட வண்டி (மோட்டார் பின்சக்கரத்தைச் சுற்றுவது) 3 அடியில் திரும்பாது. நடுச்சக்கர ஓட்டம் நின்ற இடத்திலேயே சுற்றும், ஆனால் குண்டும் குழியுமான தெருவில் முன், பின் குட்டிச் சக்கரங்கள் மேட்டில் ஊன்றி நடுச்சக்கரம் பிடி இழக்கும். தெருவுக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் பின்சக்கரமே எடுங்கள். சாய்தளத்தை 'ட' மாதிரி மடக்குங்கள்: வீட்டுச் சுவரோரம் 10 அடி, திருப்பத்தில் 5-க்கு 5 சமதளம், பிறகு 5 அடி. இரண்டு ஓரத்திலும் 3 அங்குலக் கட்டு.

பேட்டரி ஈய-அமில வகை என்றால் 12 வோல்ட் இரண்டு இருக்கும். தினம் இரவு முழு சார்ஜ். முழுக்க வடியவிட்டு ஏற்றுவது அதன் ஆயுளைத் தின்னும். கம்பெனி சொல்லும் தூரம் சமதளத்துக்கானது. அதில் பாதியை நம்பிக் கிளம்புங்கள்.

இயன்முறை_சேலம்:
குளியலறைக்குள் பேட்டரி வண்டியே வேண்டாம், தண்ணீர் பட்டால் ஜாய்ஸ்டிக் போய்விடும். கட்டிலிலிருந்து நேராகக் கமோடு வீல்சேருக்கு மாற்றினால் நடைத் திருப்பமும் பிரச்சினை இல்லை. காரில் போக, கையால் தள்ளும் சாதாரண வீல்சேர் இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். சென்னை ஐஐடியில் உருவான நியோபோல்ட் மாதிரி, அந்த வீல்சேருக்கு முன்னால் மாட்டும் மோட்டாரை யாராவது சொல்லலாம். ஹேண்டில்பாரைப் பிடித்து ஓட்டுவது அது, இவருக்குப் பொருந்தாது.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் பேட்டரி வீல்சேருக்கு விண்ணப்பம் கொடுங்கள். அடையாள அட்டை, யூடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள எண் அட்டை), மருத்துவச் சான்று எடுத்துப் போங்கள். அங்கே கிடைத்தாலும் இருக்கை அளவை முதல் நாளே சரிபாருங்கள், புண் தடுக்கும் மெத்தையைத் தனியாக வாங்குங்கள். முதல் வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததும் இறக்கிப் புட்டத்தையும் வால் எலும்பையும் பாருங்கள். சிவந்த இடம் அரை மணியில் மறையாவிட்டால் மெத்தையோ அளவோ தப்பு.