மறுமொழி: தைராக்சினின் ‘உறவுக்காரர்’களுக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

மன்னார்குடித் தம்பி கேட்டது சின்னக் கேள்வி. ‘தைராய்டு இயக்குநீரை ஒத்த பொருள்கள் கல்லீரல் உயிரணுக்களில் குளுக்கோஸ் வளர்சிதை மாற்றத்தைப் பாதிக்கும் விதம்’ என்று எழுதியிருக்கிறார். ‘ஒத்த பொருள்கள்’ இருக்கும் இடத்துக்கு ஒற்றைச் சொல் வேண்டுமாம். மூன்று நாளில் பதினொரு மடல், ஆளுக்கொரு சொல். அந்தப் பொருள்கள் எவை, எங்கிருந்து வருகின்றன என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பிள்ளையைப் பார்க்காமலே பெயர் வைக்கிறோம். முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவன் என்ற உரிமையில் பிள்ளையைக் கொஞ்சம் காட்டிவிடுகிறேன்.

தைராய்டு சுரக்கும் முக்கிய இயக்குநீர், அதாவது ஹார்மோன், தைராக்சின். அதன் மூலக்கூறில் வளையம் இரண்டு, அயோடின் நான்கு, அதனால் டி4. அமெரிக்க வேதியியலாளர் கெண்டல் அதைப் பிரித்தெடுத்தது 1914ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில். அதன் வெளி வளையத்திலிருந்து ஓர் அயோடினைக் கழற்றினால் டி3. இது 1952இல் கிராஸ், பிட்-ரிவர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கண்டது. உயிரணுவுக்குள் காரியம் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். கல்லீரலில் குளுக்கோஸைப் புதிதாக உண்டாக்கும் நொதிகளைக் கூட்டுகிறது. தைராய்டு மிகையாகச் சுரப்பவர்களுக்குச் சர்க்கரை ஏறுவதில் இதற்கும் பங்குண்டு. அதே ஓர் அயோடினை உள் வளையத்திலிருந்து கழற்றிப் பாருங்கள்: எதிர் டி3 கிடைக்கும். எண்ணிக்கை அதே மூன்று, ஆனால் ஏறக்குறையச் சும்மா கிடக்கும். ஆகவே ‘மூவயோடினி’, ‘ஈரயோடினி’ என்று எண்ணிப் பெயர் வைக்கும் யோசனை இங்கேயே படுத்துவிடுகிறது.

இன்னொன்றும் போனால் டி2. கொழுப்புத் தீனி தின்ற எலிகளின் கல்லீரலில் கொழுப்பு சேர்வதை இது குறைத்தது. மூலக்கூறின் வால்பக்கம் உள்ள கார்பாக்சில் (COOH) தொகுதியும் கழன்று, ஒரே ஓர் அயோடின் மிஞ்சினால் அயோடோதைரோனமின். இதன் கூத்து 2004இல்தான் வெளியே வந்தது. சுண்டெலிக்கு ஊசி போட்டால் உடம்பு குளிர்கிறது, இதயத் துடிப்பு தளர்கிறது. தாய் சூடேற்றும், பிள்ளை குளிர்விக்கும். ஆனால் சர்க்கரை விஷயத்தில் தாயைப் போலத்தான், இரத்தத்தில் குளுக்கோஸை ஏற்றிவிடுகிறது.

இப்போது சொல்லுக்கு வருவோம்.

கும்பகோணத்து ஐயா ‘போலி’ என்றார். இலக்கணம் படித்தவருக்கு இனிக்கும் சொல். பந்தல் பந்தர் ஆனாலும் நிழல் நிழல்தான். எழுத்து மாறும், பொருள் மாறாது. நம் சங்கதியிலோ ஓர் எழுத்து மாறினால் பொருளே தலைகீழாகிறது. அதோடு, இன்றைக்கு ‘தைராய்டு போலி’ என்று எழுதினால் மாத்திரை போடுகிறவர் பதறிப்போய் மருந்துக்கடையில் சண்டைக்கு நிற்பார். (எங்கள் பக்கத்தில் ஏற்கெனவே ‘எனக்குத் தைராய்டு இருக்கு’ என்று வருத்தமாகச் சொல்கிறார்கள். இல்லாவிட்டால்தான் வருத்தப்பட வேண்டும்.)

‘பங்காளி’ என்று விளையாட்டாக ஒருவர் எழுதியது எனக்குப் பிடித்தது. ஒரே சொத்துக்கு அடித்துக்கொள்வது போல ஒரே ஏற்பியிடம் (இயக்குநீர் வந்து ஒட்டும் உயிரணுப் புரதம்) போய் நிற்பவை இவற்றில் உண்டு. பாடப்புத்தகத்தில்தான் செல்லாது.

‘கிளைச்சுரப்பு’ கிட்டத்தட்டச் சரி. பின்பாதிதான் தவறு. உடம்பில் உள்ள டி3இல் பெரும்பகுதி தைராய்டில் சுரப்பதே இல்லை. கல்லீரல் போன்ற இடங்களில் டி4இலிருந்து ஆக்கிக்கொள்ளப்படுகிறது. சுரக்காததைச் சுரப்பு என்பானேன்?

என் பரிந்துரை: கிளைநீர்.

திருவையாற்றில் இருந்துகொண்டு எனக்கு வேறென்ன தோன்றும்! துணையாறு என்றால் வந்து சேர்வது, கிளையாறு என்றால் பிரிந்து போவது. பவானியும் அமராவதியும் துணை. குடமுருட்டியும் அரசலாறும் கிளை. வெண்ணாற்றிலிருந்து தென்பெரம்பூரில் வெட்டாறும் வடவாறும் பிரிவது போல, தைராக்சின் டி3 ஆகவும் எதிர் டி3 ஆகவும் பிரிகிறது. எந்த மதகு திறக்கிறது என்பதில்தான் காரியம். இயக்குநீரில் உள்ள ‘நீர்’ அப்படியே நிற்கிறது. கேளும் கிளையும் என்கிறோமே, அந்த உறவுப் பொருளும் உள்ளே கிடக்கிறது.

ஆனால் ரெஸ்மெட்டிரோம் கிளைநீர் ஆகாது. கல்லீரலில் மிகுந்திருக்கும் பீட்டா ஏற்பியைக் குறிவைத்து மனிதன் செய்த மருந்து அது; 2024 மார்ச்சில் அமெரிக்கா கல்லீரல் கொழுப்பு நோய்க்கு ஒப்புதல் தந்தது. அதில் அயோடினே கிடையாது. வெட்டிய வாய்க்கால். அதற்கு ‘ஒப்புநீர்’ இருக்கட்டும்.

திருவையாற்றிலிருந்து


சார், வணக்கம். நான் தலைஞாயிறு, கடைமடைக்காரி. எங்கள் ஊருக்குக் கிளையாறு வரும், தண்ணீர்தான் வராது, அதை விடுங்கள். கிளையாற்றில் ஓடுவது அதே காவிரித் தண்ணீர்தானே? கிளைநீரில் பொருளே மாறிவிடுகிறதே. இன்னொன்று, தைராக்சின் வழிவந்த டிரையாக் என்ற பொருள் எந்தப் பக்கம்? உடம்பிலும் கொஞ்சம் உண்டாகிறது, மாத்திரையாகவும் வருகிறது. உங்கள் இரண்டு பெட்டியிலும் கால் வைக்கிறது.


தலைஞாயிற்று அம்மாவுக்கு,

முதல் கேள்விக்கு: உவமையை அவ்வளவு தூரம் இழுத்தால் கரை உடைந்துவிடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கல்லணையில் குடிக்கும் தண்ணீரும் உங்கள் ஊர் முகத்துவாரத்தருகே உப்பேறிய தண்ணீரும் ஒரே சுவையா?

இரண்டாவது நல்ல பிடி. பிறப்பை வைத்துப் பெயர், புட்டியை வைத்து இல்லை என்று கொள்ளலாமா? காலையில் வெறும் வயிற்றில் போடும் தைராக்சின் மாத்திரையும் ஆலையில் செய்ததுதான். அதை யாரும் ஒப்புநீர் என்பதில்லை. உடம்பு தானாகத் தைராக்சினிலிருந்து ஆக்கக்கூடியது எதுவானாலும் கிளைநீர். டிரையாக் அந்தப் பக்கம் போகட்டும்.

மன்னார்குடித் தம்பி, உங்கள் கட்டுரையில் ரெஸ்மெட்டிரோம் வருகிறதா? வராவிட்டால் தலைப்பை இப்படி வையுங்கள்: ‘தைராய்டு கிளைநீர்களும் கல்லீரல் உயிரணுக்களின் குளுக்கோஸ் ஆக்கமும்’. வந்தால் ‘கிளைநீர்களும் ஒப்புநீர்களும்’ என்று நீட்ட வேண்டியதுதான்.