கார்டு அதே கார்டு, பெயர் மட்டும் மாறிவிட்டது: லினக்ஸில் நெட்வொர்க் பெயரை யார் வைப்பது?

மேட்டுலயம் (பொகவந்தலாவை)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்தின் பழைய பிள்ளைக்காம்பரா கட்டிடத்தில் மாலை வகுப்பு நடத்துகிறோம். பத்துக் கணினிகள், அவற்றுக்கு இணையம் பிரித்துக் கொடுக்க டெபியன் 12 (லினக்ஸில் ஒரு வகை) போட்ட ஒரு பெட்டி. அந்தப் பெட்டியில் இரண்டு போர்ட். மதர்போர்டிலேயே உள்ள ரியல்டெக், 4ஜி ரவுட்டருக்குப் போகிறது. நான் வாங்கிச் செருகிய இன்டெல் கார்டு, ஸ்விட்ச் வழியாகப் பிள்ளைகளின் கணினிகளுக்குப் போகிறது.

பழைய ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்ததால், வெள்ளி இரவு ஓர் என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு, பழையதை அப்படியே அதற்குப் பிரதி எடுத்தேன். சனி காலை சாதாரண தரப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இணையம் இல்லை. கேபிளை மாற்றினேன், ரவுட்டரை அணைத்துப் போட்டேன். போர்ட்டில் பச்சை விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. மூன்று மணி நேரம் போனபிறகு, கார்டுகளின் பட்டியலைக் காட்டும் ஐபி லிங்க் கட்டளையை அடித்துப் பார்த்தால், ரியல்டெக்குக்கு இருந்த இஎன்பி2எஸ்0 என்ற பெயரே இல்லை! அந்த இடத்தில் இஎன்பி3எஸ்0 நிற்கிறது. கர்னலின் பதிவைக் காட்டும் டிமெசேஜில் ஒரு வரி: ஆர்8169 0000:03:00.0, ஈத்0 என்பதிலிருந்து இஎன்பி3எஸ்0 எனப் பெயர் மாற்றப்பட்டது.

கார்டின் பெயர் எழுதியிருந்த கோப்புகளில் 2ஐ 3 ஆக்கினேன், இணையம் வந்துவிட்டது. ஆனால் எனக்கு இது தீர்ந்த விஷயமாகத் தெரியவில்லை. முன்கூட்டியே தெரியும் பெயர் என்று சொல்லித்தானே இந்த முறையைக் கொண்டுவந்தார்கள்? நான் கார்டைத் தொடவே இல்லையே.

ஊவாக்காற்று (பண்டாரவளை)

தம்பி, பிழை உங்கள் பக்கம் இல்லை. லினக்ஸின் மையமான கர்னல் அந்தக் கார்டுக்கு வைத்த பெயர் ஈத்0. அதை மாற்றியது, சேவைகளைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டியோடு வரும், சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ். 2013 ஜனவரியில் வந்த 197ஆம் பதிப்பிலிருந்து இந்த வழக்கம். பெட்டியைத் தொடக்கிவைக்கும் கிரப்பின் கோப்பில் கர்னல் வரியோடு நெட்.இஃப்நேம்ஸ்=0 என்று சேர்த்து, அப்டேட்-கிரப் கொடுத்து, பெட்டியை மறுபடி போடுங்கள். ஈத்0, ஈத்1 திரும்பி வரும்.

நான் பார்த்துக்கொள்ளும் ஆய்வுகூடத்தில் 24 கணினிகள். எல்லாம் நன்கொடையாக வந்தவை, ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒரே இமேஜைத்தான் (முழு டிஸ்க் நகலை) எல்லாவற்றிலும் இறக்குகிறேன். ஒன்றில் இஎன்ஓ1 வருகிறது, இன்னொன்றில் இஎன்பி0எஸ்25, அடுத்ததில் வேறு. ஒவ்வொரு பெட்டியாகப் போய்க் கோப்புத் திருத்த எனக்கு நேரம் ஏது? 0 போட்ட நாளிலிருந்து 24இலும் ஈத்0 தான்.

நானுஓயா

சேர், ஒரே போர்ட் உள்ள கணினிக்கு நீங்கள் சொல்வது சரி. அண்ணனின் பெட்டியில் இரண்டு இருக்கிறது. அங்கே 0 போடச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

ஈத்0 என்பது காலையில் பிரட்டுக்களத்துக்கு முதலில் வந்து நின்றவருக்குப் பேர் போடுவது மாதிரி. எந்த டிரைவர் (கார்டை இயக்கும் நிரல்) முந்துகிறதோ அந்தக் கார்டு 0. இன்று ரியல்டெக் முந்தலாம், கர்னல் மாறிய மறுநாள் இன்டெல் முந்தலாம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் கரண்ட் போய் வந்ததும் இரண்டும் இடம் மாறிக்கொண்டன. உள்ளே ஐபி கொடுக்க வேண்டிய டிஎச்சிபி வெளிப்பக்கம் பேச ஆரம்பித்தது. உள்ளிருந்து வருவதை எல்லாம் விடு என்று எழுதிய ஃபயர்வால் விதி, வெளியே பார்க்கும் கார்டில் போய் உட்கார்ந்தது. ஒருவரும் எதையும் தொடவில்லை, எல்லாம் ஓடிக்கொண்டும் இருந்தது. அதனால்தான் கண்டுபிடிக்க அவ்வளவு நேரம் எடுத்தது.

இஎன்பி2எஸ்0 என்றால் இரண்டாம் லயம் (வீட்டு வரிசை), 0ஆம் காம்பரா (அறை). ஆள் எத்தனை மணிக்கு வந்தாலும் காம்பரா அதேதான்.

மேட்டுலயம்

காம்பரா அதேதான் என்றால் என் கார்டு மூன்றாம் லயத்துக்கு எப்படிப் போனது தம்பி?

கொத்மலைக்காரன்

ஏனென்றால் அந்த லயங்களுக்கு நிரந்தர இலக்கம் இல்லை. பெட்டி உயிர்பெறும் ஒவ்வொரு முறையும் மதர்போர்டின் தொடக்க நிரலான பயாஸ் ஒரு முனையிலிருந்து பிசிஐ பஸ்களுக்கு (கார்டுகள் இணையும் பாதைகளுக்கு) 1, 2, 3 என்று இலக்கம் போட்டுக்கொண்டே போகும். ஆளில்லாத லயத்தைப் பல பயாஸ்கள் பூட்டிவிட்டு எண்ணாமலே தாண்டிவிடும். எஸ்எஸ்டி செருகும் உங்கள் எம்.2 சொக்கெட் காலியாக இருந்தவரை அதற்கு இலக்கம் கிடைக்கவில்லை. எஸ்எஸ்டி குடிவந்ததும் 2 அதற்குப் போனது, ரியல்டெக் 3க்குத் தள்ளப்பட்டது. எல்எஸ்பிசிஐ கட்டளை அடித்துப் பாருங்கள், இலக்கங்கள் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எல்எஸ்பிசிஐ 16 அடிமான எண்ணில் காட்டும், பெயரில் 10 அடிமானத்தில் வரும். அங்கே 10:00.0 என்று பார்த்தால் இங்கே இஎன்பி16எஸ்0. இது தெரியாமல் தேடினால் தலை சுற்றும்.

மேட்டுலயம்

அடித்தேன். 01:00.0 இன்டெல், 02:00.0 என்விஎம்இ, 03:00.0 ரியல்டெக். நீங்கள் சொன்னது அப்படியே.

ஊவாக்காற்று

பார்த்தீர்களா நானுஓயா தம்பி? டிஸ்க் போட்டால் நெட்வொர்க் பெயர் மாறுகிறது. ஈத்0 ஆக இருந்திருந்தால் அந்தச் சனிக்கிழமை வகுப்பு நடந்திருக்கும்.

நானுஓயா

நடந்திருக்கும் சேர், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த முறை கொடுத்த வாக்கு என்ன என்பதையும் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் சாமான்கள் மாறாதவரை பெயர் மாறாது, அவ்வளவுதான். எதை மாற்றினாலும் பெயர் நிற்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. மதர்போர்டு தன் போர்ட்டுக்கு ஓர் இலக்கம் சொல்லியிருந்தால் இஎன்ஓ1 என்று வந்திருக்கும், எஸ்எஸ்டி வந்ததால் அசைந்திருக்காது. மலிவான போர்டுகள் பலவற்றில் அந்தத் தகவல் இல்லை. அதனால் யூடெவ் அடுத்த வழியாகப் பஸ் இலக்கத்தைப் பிடிக்கிறது.

மேட்டுலயம் அண்ணே, உங்களிடம் ஓர் அவசரக் கேள்வி. உங்கள் ஃபயர்வால் கோப்பில் பொட்டலம் வரும் கார்டை எந்தச் சொல்லால் குறித்திருக்கிறீர்கள்? சரியாகச் சொன்னால் ஐஐஎஃப் என்றா, ஐஐஎஃப்நேம் என்றா?

மேட்டுலயம்

ஐஐஎஃப். என்எஃப்டேபிள்ஸ் என்ற ஃபயர்வாலின் கோப்பு முழுக்க அதுதான். ஏன்?

நானுஓயா

ஐஐஎஃப் என்று எழுதினால் விதியை ஏற்றும் நேரத்திலேயே அந்தப் பெயருள்ள கார்டு இருக்கிறதா என்று தேடி, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளும். இல்லை என்றால் அந்த ஒரு வரியை மட்டும் தாண்டிப் போகாது, கோப்பு முழுவதையும் ஏற்ற மறுத்துவிடும். அந்த மூன்று மணி நேரமும் உங்கள் பெட்டியில் ஃபயர்வாலே இருந்திருக்காது. ஐஐஎஃப்நேம் என்றால் பொட்டலம் வரும்போது பெயரை ஒப்பிடும், கார்டு இல்லாவிட்டாலும் மற்ற விதிகள் நிற்கும். பொட்டலம் வெளியேறும் கார்டுக்கு ஓஐஎஃப் எழுதிய இடங்களையும் அப்படியே ஓஐஎஃப்நேம் ஆக்குங்கள்.

மேட்டுலயம்

சனிக்கிழமைப் பதிவை எடுத்துப் பார்த்தேன். என்எஃப்டேபிள்ஸ் சேவை காலை 6:52க்கே தோல்வி என்று இருக்கிறது. இணையம் இல்லை என்று மட்டும்தான் நான் அலைந்தேன், இதைப் பார்க்கவே இல்லை. நெஞ்சு திக்கென்றது. எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன்.

கொத்மலைக்காரன்

இப்போது என் பக்கத்தைச் சொல்கிறேன். சேர் கர்னல் வைத்த பெயர் வேண்டும் என்கிறார், நானுஓயா யூடெவ் வைத்த பெயர் போதும் என்கிறார். இரண்டு பெயருமே அந்தக் கார்டு என்ன வேலை செய்கிறது என்று சொல்வதில்லை. வேலையைத் தெரிந்தவர் நீங்கள், பெயரையும் நீங்களே வையுங்கள்.

ஈடிசி, சிஸ்டம்டி, நெட்வொர்க் அடைவுக்குள் 10-வெளி.லிங்க் என்று ஒரு கோப்பு. மேட்ச் பகுதியில் பெர்மனன்ட்மேக்அட்ரஸ் என்று கார்டின் பிறவி முகவரி (மேக்), லிங்க் பகுதியில் நேம் என்று வெளி0. இன்டெல்லுக்கும் அதேபோல் வகுப்பு0. பிறவி முகவரியை ஈத்டூல் பெரிய பி போட்டுக் கேட்டால் சொல்லும். பெயர் 15 எழுத்தைத் தாண்டக் கூடாது, ரோமன் எழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஈத்0 என்று மட்டும் வைக்காதீர்கள்: கர்னலும் அதே பெயரைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும், இரண்டும் மோதிக்கொள்ளும். அப்புறம் பெட்டி தொடங்கும்போது முதலில் ஏறும் சிறு தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்-ஐப் புதுப்பிக்க மறக்காதீர்கள், யூடெவ் அங்கேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது.

ஊவாக்காற்று

மேக் முகவரியோடு பெயரைக் கட்டுவது புதிய யோசனை இல்லை தம்பி. 70-பெர்சிஸ்டன்ட்-நெட்.ரூல்ஸ் என்று யூடெவ் தானாகவே எழுதி வைத்த காலம் ஒன்று இருந்தது. அதை நான் மறக்கவே மாட்டேன்.

ஒக்டோபர், நவம்பரில் மத்தியானம் திரும்பினால் நம் மலையில் இடி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு கட்டிடத்திலிருந்து அடுத்த கட்டிடத்துக்கு வெளியே இழுத்த கேபிள் ஒன்று போதும், கார்டு கருகிவிடும். டவுனுக்குப் போய்ப் புதுக் கார்டு வாங்கிப் போடுவேன். புது மேக். பழைய வரி கோப்பில் ஈத்0ஐப் பிடித்துக்கொண்டிருக்கும், புதுக் கார்டு ஈத்1 ஆகும். அடுத்த வருடம் ஈத்2. மூன்றாவது இடிக்கு ஈத்3. இருந்தது ஒரே போர்ட்! மேட்டுலயம் தம்பி இருக்கும் பக்கமும் இடிக்குக் குறைவில்லை. மேக்கில் கட்டினால் அவருக்கும் அதே கதிதான்.

கொத்மலைக்காரன்

சேர் சொல்வதை ஏற்கிறேன். மேக் என்பது கார்டின் அடையாளம், கார்டு செத்தால் அதுவும் போய்விடும். இடி இருக்கும் ஊரில் மேக்கை நம்பச் சொன்னது என் அவசரம்.

ஆனால் மேட்ச் பகுதியில் மேக் மட்டும்தான் எழுதலாம் என்று இல்லை. டிரைவர் பெயரும் எழுதலாம். மேட்டுலயம் அண்ணனின் இரண்டு கார்டுகளும் இரண்டு ஜாதி. ரியல்டெக்குக்கு ஆர்8169. இன்டெல்லுக்கு என்ன?

மேட்டுலயம்

இ1000இ.

கொத்மலைக்காரன்

அப்படியானால் வெளி0க்கு டிரைவர் ஆர்8169, வகுப்பு0க்கு இ1000இ. பஸ் இலக்கம் எத்தனை முறை மாறினாலும் பெயர் அசையாது. இடி விழுந்து உள்ளே இருக்கும் ரியல்டெக் போனால், பயாஸில் அதை அணைத்துவிட்டு டவுனில் மலிவான பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு ஒன்று வாங்குவீர்கள். அதிலும் பெரும்பாலும் ரியல்டெக் சிப்தான் இருக்கும், அதே டிரைவர்தான் பிடிக்கும். ஒரு கோப்பையும் தொட வேண்டியிருக்காது.

நானுஓயா

செத்தது இன்டெல்லாக இருந்து, கடையில் ரியல்டெக் மட்டும் கிடைத்தால்? இரண்டுமே ஆர்8169, இரண்டுமே வெளி0 கேட்கும். முந்தியதற்கு அந்தப் பெயர் கிடைக்கும், மற்றதற்குப் பெயர் மாற்றம் தோற்கும். நான் சொன்ன பிரட்டுக்களத்துக்கே திரும்பி வந்துவிடுவோம். அங்கே பாத் என்று எழுதி பிசிஐ இடத்தோடு கட்டுவதுதான் ஒழுங்கு.

கொத்மலைக்காரன்

பாத்தில் எழுதுவதும் அதே பஸ் இலக்கம்தானே? அடுத்த எஸ்எஸ்டிக்கு அதுவும் நகரும். நீங்கள் சொல்லும் நிலை வந்தால், அந்த ஒரு நாளைக்கு இரண்டு கோப்பிலும் மேக் எழுதிக்கொள்ளட்டும். டிஸ்க் மாற்றும்போதெல்லாம் வகுப்பு நிற்பதைவிட அது மேல்.

பதுளை மாணவி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் அண்ணா. வீட்டில் எனக்குப் போன் யூஎஸ்பி டெதரிங்தான் இணையம். உபுண்டுவில் இஎன்எக்ஸ் என்று தொடங்கி, பின்னால் 12 எழுத்து உள்ள பெயர் வருகிறது. ஒவ்வொரு முறை போனைச் செருகும்போதும் வேறு பெயர். இதுவும் பஸ் இலக்கமா?

நானுஓயா

இல்லை தங்கச்சி. உபுண்டு, டெபியன் இரண்டும் யூஎஸ்பி சாதனத்துக்கு மேக் முகவரியையே பெயராக்கும். இஎன்எக்ஸும் 12 இலக்கமும் சேர்ந்தால் சரியாக 15, கர்னல் விடும் எல்லை. பல போன்கள் டெதரிங்கை ஒவ்வொரு முறை போடும்போதும் புது மேக் உருவாக்குகின்றன, அதனால் பெயரும் மாறுகிறது. உங்களுக்கு லிங்க் கோப்பெல்லாம் வேண்டாம். நெட்வொர்க்மேனேஜரில் சுயவிவரத்தை எந்த இடைமுகத்தோடும் கட்டாமல் விட்டுவிடுங்கள், எந்தப் பெயரில் வந்தாலும் பிடித்துக்கொள்ளும்.

ஊவாக்காற்று சேர், உங்கள் 24 கணினிகளுக்கும் இதே வழி போதும். பெயரே எழுதாத கோப்புக்கு ஈத்0ஆ இஎன்ஓ1ஆ என்ற கேள்வியே வராது.

ஊவாக்காற்று

இணைப்புக்கு அது சரி. ஆனால் பிள்ளைகளுக்கு ஐபி முகவரி, ரூட் எல்லாம் கற்பிக்கும்போது பலகையில் ஒரு பெயரை எழுதுகிறேன். 24 திரையிலும் அதே பெயர் தெரிய வேண்டும். முதல் நாளிலேயே ஒவ்வொரு பிள்ளையும் "சேர், எனக்கு வேறு மாதிரி வருகிறது" என்று கையைத் தூக்கினால் பாடம் அங்கேயே நின்றுவிடும். என் ஆய்வுகூடத்தில் 0 இருக்கும், அதில் மாற்றம் இல்லை. இரண்டு போர்ட் உள்ள பெட்டிக்குச் சொன்னதை மட்டும் திரும்பப் பெறுகிறேன்.

மேட்டுலயம்

நேற்று இரவு டிரைவர் முறையில் இரண்டு கோப்பும் எழுதிப் பார்த்தேன். முதல் தடவை பெயர் மாறவில்லை, இனிட்ராம்எஃப்எஸ்-ஐ மறந்திருந்தேன். புதுப்பித்து மறுபடி போட்டதும் வெளி0, வகுப்பு0 இரண்டும் வந்தன. அப்புறம் சோதனைக்காக என்விஎம்இயைக் கழற்றிப் பழைய டிஸ்கில் அதே கோப்புகளை வைத்துத் தொடங்கினேன். ரியல்டெக் 02:00.0க்குத் திரும்பிப் போயிருந்தது, பெயர் வெளி0 தான். மீண்டும் எஸ்எஸ்டி, 03:00.0, அப்போதும் வெளி0. ஃபயர்வாலும் ஏறி நிற்கிறது.

இரண்டு போர்ட்டுக்கு மேலும் வெள்ளை டேப் ஒட்டி, அதே பெயர்களைப் பேனையால் எழுதிவிட்டேன். நான் இல்லாத நாளில் கார்டு மாற்றப் போவது உயர்தரம் படிக்கும் எங்கள் மாணவன் ஒருவன். கோப்புகள் எங்கே இருக்கின்றன, இரண்டும் ரியல்டெக் ஆகிவிட்டால் மேக்கை எந்த வரியில் எழுத வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மூடிக்கு உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன். இன்று சாயங்காலம் அவனையே உட்காரவைத்து, இன்டெல்லைக் கழற்றிவிட்டு ஒரு ரியல்டெக் கார்டு போட்டுச் செய்துபார்க்கச் சொல்லப் போகிறேன். கார்டு கொத்மலைக்காரன் அண்ணன் அனுப்பியது, காலை பஸ்ஸில் வந்து சேர்ந்தது.