லண்டன் சட்ட ரெக்ரூட்மென்ட் ஏஜென்சியில் ஒரு வருட பிளேஸ்மென்ட்: எடுக்கலாமா?

கொங்கு_நிலா:

வணக்கம். இங்கிலாந்தில் எல்எல்பி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், ஸ்டூடன்ட் விசா. மூன்றாம் ஆண்டு முழுக்க பிளேஸ்மென்ட், நான்காம் ஆண்டு திரும்பி வந்து டிகிரியை முடிப்பது என்பது திட்டம். சட்ட நிறுவனங்களில் 12 மாத பிளேஸ்மென்ட் குதிரைக்கொம்பாக இருக்கிறது. கையில் இருப்பது ஒரே ஆஃபர்: சொலிசிட்டர்களுக்கு வேலை பிடித்துக் கொடுக்கும் லண்டன் ஏஜென்சியில் 'ட்ரெய்னி ரிசோர்சர்'. அடிப்படைச் சம்பளமும் கமிஷனும் உண்டு.

என் சந்தேகங்கள்: இந்த வருடம் க்யூடபிள்யூஇ (சொலிசிட்டர் ஆவதற்குத் தேவையான பணி அனுபவம்) கணக்கில் சேருமா? விசாவில் சிக்கல் வருமா? அங்கே உண்மையில் என்ன வேலை செய்ய வேண்டியிருக்கும்? பின்னால் ட்ரெய்னிங் கான்ட்ராக்ட்டுக்கு (சட்ட நிறுவனத்தில் சொலிசிட்டர் பயிற்சி) விண்ணப்பிக்கும்போது 'சேல்ஸ் வேலை பார்த்தவள்' என்று ஒதுக்கி விடுவார்களா?

---

தணிகை:

க்யூடபிள்யூஇ: சேராது என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள். எஸ்ஆர்ஏ (சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை. செய்த வேலை சட்டச் சேவை வழங்குவதா, அதில் சொலிசிட்டருக்கு வேண்டிய திறன்களில் சிலவாவது வளர வாய்ப்பு இருந்ததா, இவ்வளவுதான் அளவுகோல். வழக்கறிஞரை ஒரு நிறுவனத்துக்கு அறிமுகம் செய்வது சட்டச் சேவை ஆகாது.

ஒரு சின்ன சந்து உண்டு. ஏஜென்சியில் இன்-ஹவுஸ் சொலிசிட்டர் (ஏஜென்சியே ஊழியராக வைத்திருக்கும் சொலிசிட்டர்) இருந்தால், அவர் மேற்பார்வையில் ஒப்பந்த விதிகளைத் திருத்துவது, கட்டணத் தகராறுக்குக் கடிதம் வரைவது போன்றவற்றைச் செய்யும் நாட்களை மட்டும் தனியாகக் கணக்கு வைக்கலாம். மொத்தம் தேவைப்படுவது முழுநேரக் கணக்கில் 2 வருடம். அதை அதிகபட்சம் 4 இடங்களாகப் பிரித்துச் சேர்க்கலாம், ஓர் இடத்தில் இவ்வளவு காலமாவது இருந்தாக வேண்டும் என்ற விதி இல்லை. இந்த அனுபவத்துக்குக் கையெழுத்துப் போடுபவர் கால அளவையும், திறன் வளர வாய்ப்பு இருந்ததையும், உங்கள் நடத்தை பற்றிய கேள்வி ஏதும் எழவில்லை என்பதையும் உறுதி செய்கிறார். நீங்கள் திறமைசாலி என்று அவர் சான்று தர வேண்டியதில்லை. ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் யாரும் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள், அதனால் வாராவாரம் குறித்து வையுங்கள்.

விசா: பிளேஸ்மென்ட் கோர்ஸின் அங்கமாகவும் மதிப்பிடப்படுவதாகவும் இருக்க வேண்டும், கோர்ஸின் மொத்தக் காலத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நான்கில் ஒரு வருடம் என்பதால் அதில் சிக்கல் இல்லை. சிக்கல் வருவது வேறு இடத்தில்: மூன்று வருடக் கோர்ஸுக்கு விசா வாங்கிவிட்டு நடுவில் பிளேஸ்மென்டைச் சேர்ப்பவர்களுக்கு விசா முடியும் தேதி போதாது. பல்கலைக்கழக விசா அலுவலகத்திடம் பேசி, எப்போது நீட்டிக்க வேண்டும் என்று இப்போதே கேளுங்கள். வேலை செய்யும் இடத்தைப் பல்கலைக்கழகம்தான் உள்துறைக்குத் தெரிவிக்கும். அந்தத் தாள் நகர்வதற்கு முன் வேலையில் சேராதீர்கள்.

கமிஷன் பற்றியும் ஒரு வார்த்தை. ஊழியராகச் சம்பளத்தோடு சேர்ந்து, வரி பிடித்து வரும் கமிஷன் பிரச்சினை இல்லை. 'சுயதொழிலாக இன்வாய்ஸ் கொடு' என்றால் ஸ்டூடன்ட் விசாவில் அதற்கு இடமே இல்லை, அந்த ஆஃபரை விட்டுவிடுங்கள். கோர்ஸின் அங்கமாக ஒரு வருடத்துக்கு மிகாமல் செய்யும் பிளேஸ்மென்டுக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது என்பதும் பலருக்குத் தெரியாது. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பது எழுத்தில் இருக்கட்டும்.

---

ஹாரோ_அண்ணை:

தங்கச்சி, வேலை என்னெண்டு கேட்டீங்கள், அதை மட்டும் சொல்லுறன்.

ரிசோர்சர் எண்டால் ஆள் தேடிக் குடுக்கிற ஆள். ஏஜென்சியின்ர கன்சல்டன்ட் ஒரு சட்ட நிறுவனத்திட்ட இருந்து வேலை எடுத்துக்கொண்டு வருவார். நீங்கள் முதல்ல அந்த வேலையை வடிவா விளங்கிக்கொள்ள வேணும்: எந்தப் பிரிவு, எத்தனை பிக்யூஇ (தகுதி பெற்ற பிறகான அனுபவ வருசம்), சம்பளம் எதிலயிருந்து எதுவரை, கிழமையில எத்தனை நாள் ஆபீஸ், எத்தனை நேர்முகம், கடைசியில முடிவெடுக்கிற பார்ட்னர் ஆர், அந்த இடம் ஏன் காலியாச்சு. கடைசிக் கேள்வியைக் கேக்காம விடுறவை நிறையப் பேர். ஒரே இடத்தில அடுத்தடுத்து ரெண்டு பேர் விட்டிட்டுப் போயிருந்தால், நீங்கள் அனுப்புற ஆளும் அதைக் கண்டுபிடிச்சு ஆஃபரை வேண்டாமெண்டுவார்.

பிறகு லிங்க்ட்இன், நிறுவனங்களின்ர வெப்சைட், எஸ்ஆர்ஏ பதிவேடு மூண்டையும் வைச்சுப் பட்டியல் போடுறது. பிக்யூஇ எண்டுறது சொலிசிட்டரா அட்மிட் ஆன நாளில இருந்து எண்ணுற வருசம். லிங்க்ட்இன்ல ஆக்கள் பாராலீகலா (சொலிசிட்டர் தகுதி இல்லாம சட்ட வேலைக்கு உதவுறவை) இருந்த காலத்தையும் சேர்த்துப் போட்டிருப்பினம். பதிவேட்டில அட்மிட் ஆன திகதியைப் பாருங்கோ. ஸ்கொட்லாந்தில தகுதி பெற்றவரை இங்கிலாந்து வேலைக்கு அனுப்புறதும் அடிக்கடி நடக்கிற பிழை. அது வேற சட்டப் பரப்பு, வேற அமைப்பு.

புது ஆக்கள் விழுகிற பெரிய கிடங்கு பிரிவுப் பேர்கள்தான். 'கார்ப்பரேட்' எண்டால் கம்பனி வாங்கி விக்கிறது, பங்கு ஒப்பந்தம். 'கமர்ஷியல்' எண்டால் சப்ளை ஒப்பந்தம், லைசன்ஸ், அவுட்சோர்சிங். ஒண்டுக்கு மற்றதை அனுப்பினால் பார்ட்னர் அடுத்த முறை உங்கட மெயிலைத் திறக்கவே மாட்டார். 'பிரைவேட் க்ளையன்ட்' உயில், டிரஸ்ட் பாக்கிறது. 'பிரைவேட் ஈக்விட்டி' முதலீட்டு நிதிகளுக்குக் கம்பனி வாங்கிக் குடுக்கிறது. பேர் கிட்டக்கிட்ட, வேலை எங்கேயோ. கன்ஸ்ட்ரக்ஷன் எண்டால் வழக்குப் பக்கமா ஒப்பந்தப் பக்கமா எண்டு கேக்காமல் தேடத் தொடங்காதேங்கோ. ரியல் எஸ்டேட்டும் அப்படித்தான்.

ஃபோனில ஆளோட கதைக்க 20 நிமிசம் காணும். 'உங்கட வேலையை நூறு வீதமாப் பிரிச்சுச் சொல்லுங்கோ' எண்டு கேளுங்கோ. '60 வீதம் கம்பனி விற்பனை, 30 வீதம் முதலீட்டுச் சுற்றுகள், மிச்சம் சில்லறை' எண்டு ஒரு பதில் வந்தால், அது சிவியை விடக் கனக்கச் சொல்லும். நோட்டீஸ் காலம் கேளுங்கோ, அசோசியேட்டுக்கு (பார்ட்னருக்குக் கீழ வேலை செய்யிற சொலிசிட்டர்) 3 மாதம் எண்டுறது சாதாரணம். ஏற்கெனவே எந்தெந்த நிறுவனத்துக்குப் போயிட்டினம் எண்டும் கேட்டே ஆகவேணும்.

ஏனெண்டால் ஒரே ஆளின்ர சிவி ரெண்டு ஏஜென்சியில இருந்து ஒரே நிறுவனத்துக்குப் போனால், கட்டணம் ஆருக்கு எண்டு சண்டை. நிறுவனம் அந்தச் சண்டையே வேண்டாமெண்டு ஆளைக் கைவிடலாம். அதுக்குத்தான், நிறுவனத்தின்ர பேரைச் சொல்லி, 'அனுப்பலாம்' எண்டு ஆளிட்ட இருந்து மெயிலில பதில் வாங்கி, நேரத்தோட சிஸ்டத்தில போடவேணும். வாயால சொன்னது காணாது.

இன்னொண்டு: ஏஜென்சிகளுக்கான 2003 விதிமுறைகளின்படி, ஆள் இப்ப வேலை செய்யிற நிறுவனத்துக்கு அவற்ற சம்மதம் இல்லாம எதுவும் தெரியப்படுத்த ஏலாது. 'இதை ஆர் செய்வினம்?' எண்டு நினைப்பீங்கள். அலன் அண்ட் ஓவரியும் ஷியர்மன் அண்ட் ஸ்டெர்லிங்கும் 2024 மே மாதம் ஒண்டாச்சு. இப்பிடி நிறுவனங்கள் சேரேக்க, பழைய பேரிலயே கிடக்கிற டேட்டாபேஸை நம்பி ஆளின்ர சிவியை அவற்ற சொந்த நிறுவனத்துக்கே அனுப்பலாம். பேர் மாற்றங்களைப் பட்டியலா வைச்சிருங்கோ.

---

கொங்கு_நிலா:

நன்றி அண்ணா, தணிகை சார். கமிஷன் எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் புரியவில்லை. டெம்ப் (தற்காலிக) வேலைக்கும் நிரந்தர வேலைக்கும் கணக்கு வேறா? அடுத்தது வேகேஷன் ஸ்கீம் (சட்ட நிறுவனங்கள் மாணவர்களுக்குத் தரும் குறுகிய காலப் பயிற்சி). பிளேஸ்மென்ட் வருடத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும் என்கிறார்கள், அதற்கு லீவு கிடைக்குமா?

---

பேனாமுள்:

பணம் நிறுவனத்திடமிருந்து மட்டும்தான். வேலை தேடுபவரிடம், வேலை தேடித் தருவதற்காகக் கட்டணம் வாங்குவது 1973 ஏஜென்சிச் சட்டப்படி தடை. நிரந்தர வேலைக்கு முதல் வருடச் சம்பளத்தில் ஒப்பந்தத்தில் பேசிய சதவீதம். 25 சதவீதம் என்று ஒப்பந்தம், சம்பளம் 70,000 பவுண்டு என்றால் கட்டணம் 17,500, வாட் சேர்த்து 21,000. பொதுவாக ஆள் வேலையில் சேர்ந்த நாளில்தான் இன்வாய்ஸ் போகும். ஆஃபருக்கும் அந்த நாளுக்கும் நடுவே 3 மாத நோட்டீஸ் கிடக்கிறது. அந்த இடைவெளியில்தான் பழைய நிறுவனம் சம்பளத்தைக் கூட்டி ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சேர்ந்து சில வாரங்களில் விலகினால் படிப்படியாகக் குறையும் ரீபேட்டும் (கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவது) உண்டு.

இதை உங்கள் 12 மாதத்தோடு பொருத்திப் பாருங்கள். செப்டம்பரில் சேர்ந்து, பிப்ரவரியில் நீங்கள் தேடிக் கொடுத்தவருக்கு மார்ச்சில் ஆஃபர் வந்து, அவர் ஜூன் கடைசியில் சேர்ந்தால், இன்வாய்ஸுக்குப் பணம் வரும்போது நீங்கள் ஊருக்கு மூட்டை கட்டிக்கொண்டிருப்பீர்கள். 'விலகிய பிறகு வரும் பணத்தில் எனக்குப் பங்கு உண்டா?' என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். நிறைய ஒப்பந்தங்களில் இல்லை. எத்தனைக்கு மேல் கமிஷன் தொடங்குகிறது, நாளைக்கு எத்தனை அழைப்பு எதிர்பார்க்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். கமிஷனை பூஜ்யம் என்று வைத்து, அடிப்படைச் சம்பளத்தில் லண்டன் வாடகை கட்ட முடியுமா என்று பார்ப்பதே சரியான கணக்கு.

டெம்ப் தனி உலகம். பாராலீகலை வாரச் சம்பளத்துக்கு அனுப்புவார்கள், அதன் மேல் ஏஜென்சி மார்ஜின். ஒரே நிறுவனத்தில் ஒரே வேலையில் 12 வாரம் முடிந்தால் நேரடி ஊழியருக்குள்ள அடிப்படைச் சம்பளமே அவருக்கும் தர வேண்டும். டெம்ப்பை நிறுவனம் நிரந்தரமாக எடுத்துக்கொண்டால் மாற்றுக் கட்டணம் கேட்கலாம், ஆனால் கடைசி வேலை நாளுக்கு அடுத்த நாளிலிருந்து 8 வாரம், முதல் நாளிலிருந்து 14 வாரம், இவற்றில் எது பின்னால் முடிகிறதோ அதுவரைதான். அதிலும் கட்டணத்துக்குப் பதிலாக நீட்டித்த வாடகைக் காலம் (டெம்ப்பை இன்னும் சில காலம் ஏஜென்சி வழியாகவே வைத்துக்கொள்வது) என்ற வழியை நிறுவனத்துக்குத் தந்திருக்க வேண்டும். ஒப்பந்தச் சட்டம் பாடமாகப் படித்தவருக்கு இந்தப் பத்தியை நிஜ ஒப்பந்தங்களில் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. பிளேஸ்மென்ட் ரிப்போர்ட்டுக்கும் இதைவிடத் தோதான தலைப்பு கிடைக்காது.

வேகேஷன் ஸ்கீம் பற்றி: நான்கு வருடக் கோர்ஸில் கடைசிக்கு முந்தைய வருடம் என்பது உங்கள் பிளேஸ்மென்ட் வருடமேதான். பெரிய நிறுவனங்களின் விண்ணப்பக் கெடு இலையுதிர் காலத்திலிருந்து குளிர்காலத்துக்குள் வந்துவிடும், நீங்கள் புது வேலையில் திணறிக்கொண்டிருக்கும் மாதங்களில். முழுநேர ஊழியருக்குச் சட்டப்படி வருடத்துக்கு 28 நாள் லீவு. பேங்க் ஹாலிடே 8 அதற்குள் அடங்கினால் மிச்சம் 20. இரண்டு வார ஸ்கீம் ஒன்று 10 நாளைத் தின்றுவிடும். ஆன்லைன் டெஸ்ட், அசெஸ்மென்ட் சென்டர் என்று இன்னும் நாலைந்து நாள் போகும். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ கோவை போய்வரும் எண்ணம் இருந்தால் இப்போதே மறந்துவிடுங்கள், அல்லது ஊதியமில்லா லீவை ஆஃபர் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்.

'சேல்ஸ்' என்று ஒதுக்குவார்களா? எழுதும் விதத்தைப் பொறுத்தது. 'சட்டத் துறையைப் பற்றிய ஆழ்ந்த புரிதல் கிடைத்தது' என்ற வரி குப்பைக்குத்தான். 'கன்ஸ்ட்ரக்ஷன் வழக்குப் பிரிவில் 3 முதல் 5 பிக்யூஇ ஆட்களைத் தேடினேன். சம்பளத்தைவிட ஆபீஸ் நாட்களால்தான் மறுத்தார்கள். அதைச் சொல்லி நிறுவனம் நிபந்தனையைத் தளர்த்தியது' என்று எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். நிறுவனம் எப்படிச் சம்பாதிக்கிறது, எந்தப் பிரிவு வீங்குகிறது, எது சுருங்குகிறது என்பதை இந்த வேலை காட்டுவதுபோல் வேறெதுவும் காட்டாது. ஆனால் இன்டர்வியூவில் யார் எங்கிருந்து விலகப் பார்க்கிறார் என்று வாய் தவறிவிட்டால் அத்தோடு முடிந்தது. ரகசியம் காப்பது அங்கே எழுதாத தேர்வு.

---

சட்டைப்பை:

மாற்றுக் கருத்து. கன்வேயன்ஸிங் (வீடு, நிலம் கைமாறும் சட்ட வேலை), இமிக்ரேஷன் பார்க்கும் தெருமுனைச் சொலிசிட்டர் அலுவலகங்களில் ஒரு வருடம் அட்மின் கலந்த பாராலீகல் வேலை கிடைக்குமா என்று இன்னொரு சுற்று கேட்டுப் பாருங்கள். பளபளப்பு இருக்காது, சம்பளம் குறைவு. ஆனால் 12 மாதமும் க்யூடபிள்யூஇ-யில் ஏற வாய்ப்புண்டு, அதாவது தேவையானதில் பாதி. ஏஜென்சி வருடத்தில் அது பூஜ்யம். கிடைக்காவிட்டால் ஏஜென்சியை எடுங்கள், கூடவே நான்காம் ஆண்டில் பல்கலைக்கழக லா கிளினிக்கில் (மாணவர்கள் சட்ட ஆலோசனை தரும் மையம்) சேருங்கள். சொலிசிட்டர் மேற்பார்வையில் நடக்கும் கிளினிக் வேலையையும் கணக்கில் கொண்டுவரலாம். விசாவில் ஊதியமில்லா வேலையும் வாரம் 20 மணி நேர வரம்புக்குள் வரக்கூடும் என்பதால் அதையும் விசா அலுவலகத்திடமே கேளுங்கள்.

---

ஹாரோ_அண்ணை:

சட்டைப்பை சொல்லுறது நியாயம்தான். ஏஜென்சிக்குப் போறதெண்டால் இதையும் நினைப்பில வைச்சிருங்கோ. விலகிற கிழமை, 'பிறகு உதவும்' எண்டு ஆக்களின்ர பட்டியலை ஜிமெயிலுக்கு அனுப்பிப் போடாதேங்கோ. ஏஜென்சியின்ர அனுமதி இல்லாம அப்பிடி எடுக்கிறது 2018 டேட்டா பாதுகாப்புச் சட்டத்தின் 170ஆம் பிரிவில கிரிமினல் குற்றம். இதே காரியத்துக்கு ரெக்ரூட்டர்மாரில ஐசிஓ (டேட்டா பாதுகாப்பைக் கண்காணிக்கிற அமைப்பு) வழக்குப் போட்டிருக்கு. சொலிசிட்டரா அட்மிட் ஆகேக்க எஸ்ஆர்ஏ உங்கட நடத்தையைப் பாக்கும், அங்க இது வந்து நிக்கும். சேர்ந்த முதல் கிழமையே உங்கட சொந்த லிங்க்ட்இன் கணக்கையும் ஏஜென்சி கணக்கையும் பிரிச்சு வைச்சிருங்கோ, பிறகு எது ஆற்ற எண்டு இழுபறி வராது.