டிரிப்பர் வைத்திருந்த குமரிக்காரர்கள், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வடசேரிப் பட்டறை

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: டிரிப்பர் என்பது இ-சிகரெட்டின் தலை, அதில் காயில் என்கிற கம்பிச் சுருளுக்குள் பஞ்சை வைத்து, ஜூஸ் என்கிற நிகோடின் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சூடாக்கி ஆவியை இழுப்போம்; அடியில் பேட்டரி இருக்கிற பகுதி மாட். இனி நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2022 டிசம்பர், ஷார்ஜா. அப்பா விசிட் விசாவில் ஒரு மாதம் வந்திருந்தார். வடசேரியில் கோயில் நகை செய்கிற பட்டறை எங்களுடையது. அப்பா நாற்பது வருடத்துக்கு மேல் குமுட்டி முன்னால் உட்கார்ந்தவர். நான் சிகரெட்டை விட்டு டிரிப்பருக்கு மாறி அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. 22 மில்லிமீட்டர், கம்பியைப் பிடிக்க இரண்டே போஸ்ட், ஒற்றைக் காயில், பக்கவாட்டில் ஒரு காற்றுத்துளை. அதைவிட எளிமையான டிரிப்பர் கடையில் இல்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்து பழைய பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுக் காயில் சுற்றி, அதன் ரெண்டு காலையும், அதாவது கம்பி நுனிகளை, போஸ்டில் முறுக்கினேன். 26 கேஜ் கான்தால் கம்பி, 3 மில்லிமீட்டர் உள்விட்டம், ஆறு சுற்று, மீட்டரில் 0.8 ஓம். அப்பா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டனை விட்டு விட்டு அழுத்தினேன், காயில் சிவந்தது. "லேய், இடது கால்தான் முதல்ல சிவக்குது, பாத்தியா? நடுவுல சிவந்து ரெண்டு பக்கமும் போகணும். அங்க பிடி சரியில்ல" என்றார். சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். கம்பியைப் பார்த்தாலே கை தானாக நீளும், அவருக்குப் பழக்கம் அப்படி. நான் கொடுக்கவில்லை. இது அப்படித்தான்பா இருக்கும் என்று சொல்லிப் பஞ்சைத் திணித்து, ஜூஸ் ஐந்து சொட்டு விட்டு, மூடியைப் போட்டு இழுத்தேன்.

மூன்றாவது இழுப்பில் பஞ்சு கரிந்தது. அந்த ருசி தெரிந்தவர்களுக்குத் தெரியும், தொண்டையில் மிளகாய் வறுத்த மாதிரி பிடித்துக்கொண்டு மூச்சே வரவில்லை. அப்பா எழுந்து வந்து முதுகைத் தட்டினார். இருமல் அடங்கினதும், "வெறும் ஆவிதான்னு சொன்ன, பின்ன ஏன் கரிஞ்ச மணம் வருது?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

ராத்திரி அவர் தூங்கினபிறகு திறந்து பார்த்தேன். இடது காலுக்குக் கீழே பஞ்சில் உளுந்தம்பருப்பு அளவுக்கு ஒரு கறுப்பு. ஸ்குருவைத் தொட்டால் கால்வாசிச் சுற்று தளர்ந்திருந்தது. அவர் அப்போதே அதைத்தான் சொன்னார். அந்த நீட்டின கையில் ஏன் கொடுக்கவில்லை என்பதுதான் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

குளச்சல் வலை

தம்பி எழுதினதைப் படித்ததும் என் தொடையில் இருக்கிற தழும்பைத் தடவிப் பார்த்தேன்.

நான் பஹ்ரைனில் போட்டில் போகிற ஆள். ஆறு பேர் ஒரு அறை, அதில் நாலு பேர் குளச்சல், ரெண்டு பேர் முட்டம். டிரிப்பரை மெக் மாடில், அதாவது சர்க்யூட் எதுவும் இல்லாத மாடில் வைத்திருந்தேன், ஒரு 18650 பேட்டரி உள்ளே, ஒன்று கூடுதலாகக் கைவசம். அந்தக் கூடுதல் பேட்டரியைக் கைலியை மாற்றிப் பேண்ட் போடும்போது பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அதே பாக்கெட்டில் அறைச் சாவி. மேல் ஓரத்தில் பிளாஸ்டிக் உறை ஒரு நகக்கண் அளவு கிழிந்திருந்தது. நான் அதைப் பார்த்திருந்தேன், பார்த்தும் விட்டுவிட்டேன்.

படகுத் துறையில் நடந்துகொண்டிருக்கிறேன், தொடையில் சுடுகிறது. முதலில் ஏதோ பூச்சி கடிக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம், குக்கர் விசில் வருவதற்கு முன்னால் வருமே, அந்த மாதிரி. முட்டத்துக்காரப் பையன் ஒருத்தன் பார்த்துவிட்டு, "அண்ணே, பேண்டக் கழட்டு, பேண்டக் கழட்டு" என்று கத்தினான். கழற்றி எறிந்தேன். துறையில் கிடந்து அது புகைந்தது. ரெண்டு வாரம் வலை இழுக்க முடியவில்லை, அந்த ரெண்டு வாரக் கூலியும் போனது.

18650 பேட்டரியில் மேலே இருக்கிற சின்ன வட்டம்தான் பிளஸ். மற்ற உடம்பு முழுக்க மைனஸ். ரெண்டுக்கும் நடுவில் மேல் ஓரத்தில் இருப்பது ஒரு மெல்லிய வளையமும் அந்த உறையும் மட்டும்தான். உறை கிழிந்த இடத்தில் சாவி ஒன்று சாய்ந்தால் போதும். பேட்டரிக்கு என்று பிளாஸ்டிக் டப்பி விற்கிறார்கள், கொஞ்சக் காசுக்குக் கிடைக்கும். நான் வாங்கவில்லை.

ரப்பர் தோட்டம்

குளச்சல் அண்ணனுக்கு நடந்தது வருத்தம்தான், ஆனால் அது டிரிப்பருடைய தப்பு இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். என் கதை சின்னது: துபாயில் முதல் டிரிப்பர் வாங்கினேன், கீழ்க் காற்றுத்துளை உள்ளது, கார் ஓட்டிக்கொண்டே பத்துச் சொட்டு விட்டேன், ஜூஸ் மொத்தமும் துளை வழியாக இறங்கி மாட் தலையில் ஊறி, வெள்ளைச் சட்டையில் ஒழுகி, அன்றைக்கு எனக்கு இன்டர்வியூ. அந்தக் கறையோடுதான் உட்கார்ந்தேன். வேலை கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

புதிதாக வாங்குகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். முதல் டிரிப்பருக்குப் பக்கவாட்டுக் காற்றுத்துளைதான் சரி. ஜூஸ் கொஞ்சம் கூடிப்போனாலும் காயிலுக்கு அடியில் உள்ள குழியில் நிற்கும், கீழே இறங்காது. ஜூஸ் நிற்கிற அந்தக் குழியின் ஆழத்தைப் பாருங்கள், ஆழம் குறைந்தால் ரெண்டு இழுப்புக்கு ஒருமுறை சொட்டு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒற்றைக் காயிலுக்கு இரண்டு போஸ்ட் போதும். இரட்டைக் காயில் ஆசை வந்தால் ஒவ்வொரு போஸ்டிலும் ரெண்டு துளை உள்ள வெலாசிட்டி டெக் (டெக் என்றால் காயில் மாட்டுகிற தளம்) வாங்குங்கள், பழைய மூன்று போஸ்ட் டெக்கில் நடு போஸ்டின் ஒரே துளையில் ரெண்டு காலையும் நுழைத்து முறுக்குவதற்குள் ஒரு கால் வெட்டுப்பட்டுப் போகும். ஸ்குருவின் தலையைக் கவனியுங்கள். தேய்கிற ஸ்குரு வந்தால் டிரிப்பரே வீண், கூடுதல் ஸ்குரு பெட்டியில் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்த்து வாங்குங்கள். பாசிட்டிவ் போஸ்டுக்கு அடியில் இன்சுலேட்டர் ஒன்று இருக்கும், முறுக்கும்போது போஸ்ட் சேர்ந்து சுற்றினால் அது போய்விட்டது என்று அர்த்தம், அதோடு பட்டனைத் தொடக்கூடாது.

பஞ்சு காயிலுக்குள் போகும்போது லேசாகப் பிடிக்க வேண்டும், காயிலை இழுத்து வளைக்கிற அளவுக்கு இறுக்கமும் கூடாது, ஆடுகிற அளவுக்குத் தளர்வும் கூடாது. ரெண்டு நுனியும் குழியின் தரையைத் தொட்டால் போதும், திணித்து அடைத்தால் ஜூஸ் மேலே ஏறாது. வடசேரித் தம்பிக்குக் கரிந்ததற்கு ஸ்குரு பாதிக் காரணம் என்றால் திணித்த பஞ்சு மீதிப் பாதி. காயாத பஞ்சு கரியாது. காயில் எப்போதும் நனைந்தே இருக்க வேண்டும், ருசி குறைந்ததுமே சொட்டு விட வேண்டும், புகை குறையும் வரை காத்திருக்கக் கூடாது. ஜூஸில் இருக்கிற கிளிசரின் அளவுக்கு மேல் சூடானால் அக்ரோலின் என்கிற எரிச்சல் வாயு உண்டாகும். எண்ணெய் தீய்ந்தால் கண்ணைக் கரிக்குமே, அதுவும் இதேதான். அவர் அப்பா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

அப்புறம் கணக்கு. முழு சார்ஜில் பேட்டரி 4.2 வோல்ட். அதை ஓமால் வகுத்தால் ஆம்பியர். 0.4 ஓம் என்றால் பத்தரை. 0.2 ஓம் என்றால் 21. 20 ஆம்பியர் பேட்டரியை மெக் மாடில் போட்டு 0.2 ஓம் காயில் வைத்தால் எல்லை தாண்டிவிட்டது, மெக் மாடில் தடுக்க எதுவும் கிடையாது. சர்க்யூட் உள்ள மாடில் வையுங்கள், ஷார்ட் ஆனால் அதுவே நின்றுவிடும். மெக் மாட்தான் வேண்டும் என்கிறவர்கள் டிரிப்பரின் அடியில் திருகின் நடுவில் இருக்கிற 510 பின் வெளியே துருத்திக்கொண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹைப்ரிட் தலையில் அந்தப் பின் நேராகப் பேட்டரி மேல் உட்காரும், பின் உள்ளே அமுங்கி இருந்தால் திருகு வளையம் பேட்டரியைத் தொட்டு அப்படியே ஷார்ட்.

ஊருக்கு வரும்போது எல்லாவற்றையும் சாக்ஸுக்குள் சுருட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாம், யாரும் பார்ப்பதில்லை.

தக்கலைக்காரி

இவ்வளவு எழுதின அண்ணன் நிகோடின் பற்றி ஒரு வரி எழுதவில்லையே. அதற்காகத்தான் நான் எழுதுகிறேன்.

மான்செஸ்டரில் நர்ஸாக இருக்கிறேன். என் தம்பி படிக்க வந்து எங்களோடு தங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை, மரச்சீனி அவித்து மீன்குழம்பு வைத்திருந்தேன், ஊரை விட்டு வந்தபிறகு அதற்கு ஒரு தனி ருசிதான். சாப்பிடக் கூப்பிட்டால் பதில் இல்லை. குளியலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறான், நெற்றியெல்லாம் வியர்வை, உதடு வெளுத்து, வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது. "அக்கா, சுத்துது" என்றான். அப்புறம் வாந்தி. நாடியைப் பிடித்துப் பார்த்தேன், படபடவென்று ஓடியது.

பாட்டிலை எடுத்துப் பார்த்தால் நிக் சால்ட், அதாவது நிகோடின் உப்பு ஜூஸ், மில்லிக்கு 20 மில்லிகிராம். இங்கே சட்டப்படி விற்கக்கூடிய அதிகபட்ச அளவு அது. பாட் (pod) என்கிற சின்ன இ-சிகரெட் கருவிக்கு என்று செய்தது, அதில் ஒரு இழுப்புக்குக் கொஞ்சமாகத்தான் போகும். இவன் அதை டிரிப்பரில் விட்டு 40 வாட்டில் நெஞ்சு நிறைய இழுத்திருக்கிறான், அதுவும் காலையில் வெறும் வயிற்றில். டிரிப்பருக்கு 3 மில்லிகிராம், மிஞ்சிப் போனால் 6. அதற்கு மேல் வேண்டாம்.

ஜன்னலைத் திறந்து காற்றில் உட்கார வைத்து, ஆலோசனை எண்ணுக்கு ஃபோன் செய்து, அவர்கள் சொன்னபடி பக்கத்திலேயே இருந்தேன். சாயங்காலம் சரியாகிவிட்டான். ஆனால் சமையல் மேடையில் மூடி திறந்தபடி அந்தப் பாட்டில் நின்றதுதான் எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது. மாம்பழ மணம், கீழே என் இரண்டு வயது மகள் விளையாடிக்கொண்டிருக்கிறாள். தோலில் பட்டாலே நிகோடின் உள்ளே போகும், குழந்தை வாயில் போனால் என்ன ஆகும் என்று நர்ஸுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிரிப்பர் வைத்திருக்கிறவர்கள் நாள் முழுக்கப் பாட்டிலைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பீர்கள், அதனால்தான் சொல்கிறேன். பூட்டுகிற அலமாரியில் வையுங்கள். புகைத்தே பழகாத பையன்கள் இதைத் தொடவே வேண்டாம். சிகரெட்டைவிடக் கெடுதல் குறைவு என்று இங்கே மருத்துவர்கள் சொல்வது சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு மட்டும்தான்.

முப்பந்தல் காற்று

ரப்பர் தோட்டம் கடைசியில் எழுதின ஒரு வரியைத் தயவுசெய்து யாரும் நம்பாதீர்கள். நான் அந்த வரியை நம்பினவன்.

2023-ல் சவுதியிலிருந்து லீவில் வந்தேன். அதே சாக்ஸ், அதே சுருட்டல். ஸ்கேனரில் பேட்டரி தெரிந்ததும் பெட்டியைத் தனியாக எடுத்து வைத்தார்கள். எல்லாரும் பார்க்க மேசை மேல் அம்மாவுக்கு வாங்கின புடவை, தங்கச்சி மகனுக்கு வாங்கின கார் பொம்மை, நடுவில் ரெண்டு டிரிப்பர், மூன்று பாட்டில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமா நிற்கிறார், கூட வந்த எல்லாரும் போய்விட்டார்கள், நான் மட்டும் வரவில்லை. ஒன்றரை மணி நேரம். பொருளை எடுத்துக்கொண்டு எழுதி வாங்கிவிட்டு அனுப்பினார்கள். அருவாமொழி வரை காரில் மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் வந்தபிறகு, "அம்மைட்ட நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

இ-சிகரெட்டுக்குத் தமிழ்நாட்டில் 2018-லேயே தடை. 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் வந்து, அதே வருடம் டிசம்பரில் நாடு முழுவதற்கும் சட்டமாகிவிட்டது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எதற்கும் முதல் தடவை ஒரு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். மறுபடியும் என்றால் மூன்று வருடம் வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். சேர்த்து வைத்திருந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 வரை அபராதம், அல்லது ரெண்டும். சாக்ஸில் சுருட்டினாலும் அதற்கு இறக்குமதி என்றுதான் பெயர். இன்னொன்று, கருவியில் இல்லாத தனி லித்தியம் பேட்டரியைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது, அது எந்த நாட்டு விமானத்துக்கும் பொருந்தும். விமானத்தின் அடியில் தீப்பிடித்தால் யார் போய் அணைப்பது?

ரப்பர் தோட்டம்

சரி, அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நான் வந்தது 2017-ல், அப்போது என்னை யாரும் கேட்கவில்லை. மற்றதெல்லாம் எழுதினது எழுதினபடிதான். மெக் மாட் விஷயத்தில் குளச்சல் அண்ணன் என்ன சொல்கிறார்?

குளச்சல் வலை

என்ன சொல்ல, மக்கா. கணக்கெல்லாம் நீ சொன்னது சரிதான். ஆனால் என் தொடையைச் சுட்டது மாடுக்குள் இருந்த பேட்டரி இல்லையே, பாக்கெட்டில் கிடந்தது. சர்க்யூட் மாட் வைத்திருந்தாலும் அது சுட்டிருக்கும். டிரிப்பருடைய தப்பா இல்லையா என்று நீ பார்க்கிறாய், எனக்கு அந்த முட்டத்துப் பையன் கத்தின சத்தம்தான் காதில் கேட்கிறது.

வடசேரிப் பட்டறை

எல்லாரும் எழுதினதைப் படித்தேன். அக்ரோலின் பற்றிச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. நேற்று ராத்திரி அப்பாவுக்கு ஃபோன் செய்து, அன்றைக்குக் கேட்டீர்களே, கரிஞ்ச மணம் ஏன் வருகிறது என்று, அதற்குப் பதில் இப்போதுதான் கிடைத்தது என்று ஆரம்பித்து, கிளிசரின், சூடு, பஞ்சு என்று தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பின்னால் பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த இடது கால முறுக்கினியா?" என்றார்.