போன் புளூடூத்தில் தெரியும் சென்சார் ஓஸ்மாண்டில் வரவில்லை: ஆன்ட் பிளஸுக்கு மாறணுமா?

மாறன்_எம்டிபி
ஆண்ட்ராய்டு 13 போன். சைக்கிளில் வழிகாட்ட ஓஸ்மாண்ட் மேப் ஆப். ஹப்பில் (சக்கரத்தின் நடு அச்சு) ஒரு சென்சார், கிராங்கில் (பெடல் கை) ஒன்று. இரண்டும் ஒரே மாடல், வேகத்துக்கோ கேடன்ஸுக்கோ (நிமிடத்துக்கு எத்தனை பெடல் சுற்று) மாற்றிக்கொள்ளலாம். பெட்டியில் புளூடூத், ஆன்ட் பிளஸ் (விளையாட்டு சென்சார்களுக்கான இன்னொரு வயர்லெஸ் முறை) இரண்டும் போட்டிருக்கிறது. போன் செட்டிங்ஸில் பேர் செய்தாயிற்று, ஆப்பில் தேடினால் பட்டியல் காலி. ஆன்ட் பிளஸில் இணைத்தால் சரியாகுமா?

ஒத்தையடி
ஆகாது. உங்கள் போனில் ஆன்ட் பிளஸ் ரேடியோவே இருக்காது. பழைய சாம்சங், சோனி போன்ற சில மாடல்களில்தான் இருந்தது, ஐபோனில் என்றுமே கிடையாது.

முதலில் செட்டிங்ஸில் செய்த பேரிங்கை நீக்குங்கள். இந்தச் சென்சாரை ஹெட்செட் மாதிரி அங்கே பேர் செய்யவே கூடாது, ஆப்தான் நேராகப் பிடிக்கணும். சாதாரண பி.எல்.இ. (குறைந்த மின்சக்தி புளூடூத்) சென்சார் ஒரே ஒரு இணைப்பைத்தான் ஏற்கும்; அது கிடைத்ததும் "நான் இங்கே இருக்கேன்" என்று அறிவிப்பதை நிறுத்திவிடும். சென்சார் கம்பெனியின் ஆப் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான், அதை ஃபோர்ஸ் ஸ்டாப் செய்யுங்கள்.

அடுத்து அனுமதி. ஆண்ட்ராய்டு 12 முதல் "அருகிலுள்ள சாதனங்கள்" என்று தனி அனுமதி உண்டு, அதை ஓஸ்மாண்டுக்குக் கொடுக்கணும். 11 வரை இருப்பிட அனுமதி இல்லாமல் ஸ்கேனே நடக்காது. பிறகு பிளகின்ஸ் பகுதியில் வெளிப்புற சென்சார் பிளகினை இயக்கி, கிராங்கையும் சக்கரத்தையும் சுற்றிக்கொண்டே தேடுங்கள். சும்மா நிற்கும் சென்சார் சில நிமிடத்தில் தூங்கிவிடும்.

கிராங்க்_கணேசன்
வைத்தியம் சரி. ஆனால் ஆன்ட் பிளஸை இப்படித் தூக்கிப் போடாதீங்க. அது ஒலிபரப்பு. சென்சார் நொடிக்கு சுமார் 4 தடவை சொல்லிக்கொண்டே இருக்கும், யார் கேட்கிறார்கள் என்று பார்க்காது. ஹேண்டில்பாரில் சைக்கிள் கம்ப்யூட்டர், வீட்டில் டிரெய்னர் (சைக்கிளை நின்ற இடத்திலேயே ஓட்டும் சாதனம்) முன்னால் லேப்டாப், எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் கேட்கலாம். கம்ப்யூட்டருக்கு ஆன்ட் பிளஸ், போனுக்கு பி.எல்.இ. என்று பிரித்துக் கொடுத்தால் சண்டையே வராது. போனிலேயே வேணும் என்றாலும் ஓ.டி.ஜி. கேபிளில் (போனின் சார்ஜிங் துளையில் யூ.எஸ்.பி. சாதனம் மாட்டும் கேபிள்) ஆன்ட் யூ.எஸ்.பி. ஸ்டிக் செருகலாம். லோகஸ் மேப் ஆப் இரண்டு வகையையும் படிக்கும்.

ஒத்தையடி
ஓ.டி.ஜி. ஸ்டிக்கா! இருக்கிற ஒரே சார்ஜிங் துளையை அதற்குக் கொடுத்துவிட்டு, மேப் திரை முழுநேரம் எரியும்போது பவர் பேங்கை எங்கே செருகுவது? மழை வந்தால் திறந்த போர்ட் வேறு.

இன்னொன்று: ஆன்ட் பிளஸ் உறுப்பினர் திட்டத்தையும் சான்றளிப்பையும் கார்மின் 2025 ஜூன் 30-ஓடு மூடிவிட்டது. 2025 ஆகஸ்ட் 1-இல் அமலுக்கு வந்த ஐரோப்பிய ரேடியோ கருவி விதிகள் பாதுகாப்பு கேட்கின்றன. யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்கிற ஒலிபரப்பு அதற்குப் பொருந்தவில்லை. நீங்கள் பெருமையாகச் சொன்ன குணமே அதற்கு எமன்.

கிராங்க்_கணேசன்
சான்றளிப்பு நின்றால் ரேடியோ நின்றுவிடுமா? விற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாம் நாளைக்கும் அதே 2457 மெகாஹெர்ட்ஸில்தான் கேட்கும். புதிதாக வாங்குபவர் ஆன்ட் பிளஸ் மட்டும் உள்ளதை வாங்கக் கூடாது, அதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டும் உள்ளதை வாங்கினால் நஷ்டம் என்ன?

ஒத்தையடி
நஷ்டம் இல்லை. பெட்டியில் இரண்டு லோகோ பார்த்ததும் எல்லா ஆப்பிலும் வரும் என்று நம்புவதுதான் நஷ்டம். 2457 என்பது வைஃபை 10-ஆம் சேனலின் நட்டநடு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பக்கத்து வைஃபை அதில் குறுக்கிடலாம்; பி.எல்.இ. இணைப்போ 37 சேனல்களில் தாவிக்கொண்டே போகும்.

வேகத்தடை
இருவரும் ரேடியோவிலேயே நிற்கிறீர்கள். வழிகாட்டும் ஆப்புக்கு வேக சென்சார் எதற்கு? "200 மீட்டரில் இடப்பக்கம் திரும்பு" என்பது ஜி.பி.எஸ்.ஸில் இருந்து வருகிறது. சென்சார் எண் திரையில் ஒரு கட்டத்திலும் பதிவு ஃபைலிலும் உட்காரும், அவ்வளவுதான். கூகுள் மேப்ஸ் சைக்கிள் சென்சார் எதையும் படிக்காது. சவாரியைப் பதியும் ஸ்ட்ராவா 2019-இல் போன் ஆப்பில் சென்சார் இணைப்பையே எடுத்துவிட்டு, பிறகு இதயத்துடிப்புப் பட்டையை மட்டும் திரும்பக் கொண்டுவந்தது. கேடன்ஸ் வேண்டுமா, நியாயம், அதை ஜி.பி.எஸ். சொல்லாது. வேகத்துக்குத் தனி சென்சார் வீண்.

கிராங்க்_கணேசன்
மரநிழல், மலைப்பாதை வளைவு, சுரங்கப்பாதையில் ஜி.பி.எஸ். வேகம் குதிக்கும், சக்கரம் பொய் சொல்லாது. சுற்றளவு சரியாகப் போட்டிருந்தால். 700×28 டயருக்கு 2136 மி.மீ. போடணும். 700×25-இன் 2105-ஐ அப்படியே விட்டால் 100 கி.மீ. ஓட்டியதை சுமார் 98.5 என்று காட்டும். அட்டவணையைவிட அளப்பது மேல்: காற்று சரியாக அடித்து, வால்வு தரைப்பக்கம் வரும்போது கோடு போட்டு, சீட்டில் ஆள் உட்கார்ந்தபடி மூன்று சுற்று உருட்டி, நீளத்தை மூன்றால் வகுக்கணும்.

மாறன்_எம்டிபி
பேரிங் நீக்கினேன், அனுமதி கொடுத்தேன், இரண்டும் வந்துவிட்டன. இப்போது கேடன்ஸ் வருகிறது, வேகம் மட்டும் வரவில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றினாலும் காலிதான்.

ஒத்தையடி
ஓஸ்மாண்டில் இணைப்பைத் துண்டித்துவிட்டு, நார்டிக் நிறுவனத்தின் என்.ஆர்.எஃப். கனெக்ட் ஆப்பில் (சென்சார் அனுப்புவதை அப்படியே காட்டும்) ஹப் சென்சாரைத் திறங்கள். 1816 என்ற சேவைக்குள் 2ஏ5பி என்று ஒன்று இருக்கும், அதில் நோட்டிஃபிகேஷனை இயக்குங்கள். வரும் எண்களில் முதல் பைட்டை மட்டும் பாருங்கள். 01 என்றால் சக்கரம், 02 என்றால் கிராங்க், 03 என்றால் இரண்டும்.

மாறன்_எம்டிபி
02. கிராங்க் சென்சாரிலும் 02.

ஒத்தையடி
அப்போ இரண்டுமே கேடன்ஸ் முறையில் இருக்கின்றன. வேகத்துக்கும் கேடன்ஸுக்கும் புளூடூத்தில் ஒரே சேவை எண்தான், அதனால் இணைப்பு சரியாகத் தெரியும், உள்ளே சக்கரக் கணக்கு இருக்காது.

கிராங்க்_கணேசன்
ஹப் சென்சாரின் சி.ஆர். 2032 பேட்டரியைக் கழற்றி 10 நொடி கழித்துப் போடுங்கள். இந்த மாதிரி வேகம், கேடன்ஸ் என இரண்டு முறைகளும் உள்ள சென்சார்கள் பலவற்றில் ஒவ்வொரு தடவையும் முறை மாறும். எந்த விளக்கு நிறம் எந்த முறை என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு, கூட வந்த தாளைப் பாருங்கள். முதல் பைட் 01 ஆனதும் என்.ஆர்.எஃப். கனெக்ட்டில் டிஸ்கனெக்ட் செய்ய மறக்க வேண்டாம், இல்லையென்றால் ஓஸ்மாண்டில் மறுபடி காலிப் பட்டியல்தான். பழைய பதிவை ஓஸ்மாண்டில் நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்துவிடுங்கள்.

வேகத்தடை
சிக்னலில் நிற்கும்போது வேகம் பூஜ்யத்துக்கு வராமல் உறைந்து நின்றால் மறுபடி சென்சாரைத் திட்டாதீர்கள். நின்ற சக்கரம் பழைய எண்ணையே திரும்ப அனுப்பும், பூஜ்யம் என்று முடிவெடுக்க வேண்டியது ஆப். சென்சாரின் நேரக் கடிகாரமும் 64 நொடிக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும். நீண்ட சிக்னல் முடிந்து கிளம்பும் நொடியில் சில ஆப்களில் அபத்தமான வேகம் மின்னி மறைவது அதனால்தான்.

மாறன்_எம்டிபி
01 வந்தது. வேகமும் வந்தது. சுற்றளவு 2105 என்று இருக்கிறது, என் டயர் 29×2.1.

கிராங்க்_கணேசன்
2288 போட்டு ஆரம்பியுங்கள். பிறகு கோடு போட்டு உருட்டுங்கள்.