தினமும் பாக்கெட்டில் வைக்க எந்தக் கத்தி: பயனியர் எக்ஸா, காம்பாக்டா?

வணக்கம் நண்பர்களே. பார்சல் பிரிக்க, வயர் தோல் சீவ, சுவிட்ச் பாக்ஸ் ஸ்க்ரூ திருக, பழம் நறுக்க என்று தினமும் பேன்ட் பாக்கெட்டில் இருக்க, பல கருவிகள் சேர்ந்த ஒரு மல்டி டூல் கத்தி வேண்டும். லெதர்மேன் கம்பெனியின் வேவ் பிளஸில் கட்டிங் பிளேயர் இருக்கிறது, ஆனால் எடை 240 கிராம். பாக்கெட் தொங்கிவிடும், பெல்ட் உறைதான் சரி. அதை விட்டுவிட்டேன்.

மிச்சம் விக்டோரினாக்ஸ் கம்பெனியில் இரண்டு: மடித்த நீளம் 93 மி.மீ. உள்ள பயனியர் எக்ஸ், 91 மி.மீ. உள்ள காம்பாக்ட். இரண்டிலும் கத்தரிக்கோல் உண்டு. பயனியரில் அலுமினியப் பிடி, குத்தூசி, கொஞ்சம் தடிமன். காம்பாக்ட் மெலிசு, சிமிட்டாவும் (ட்வீசர்) இருக்கிறது. பிளாஸ்டிக் பிடி கீழே விழுந்து விரிசல் விட்டாலும் மாற்றிக்கொள்ளலாம். இரண்டிலுமே பிளேடுக்கு லாக் கிடையாது; குத்தி அழுத்தினால் விரல்மேல் மடங்கும் என்பது தெரியும்.

வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: தனி ஸ்டார் முனை இல்லாததால், பயனியரின் டின் ஓப்பனர் நுனியால் இறுகிய ஸ்டார் ஸ்க்ரூவைத் திருகினால் ஸ்க்ரூ தலை தேயாமல் வருகிறதா? வியர்வையிலும் கடற்காற்றிலும் கத்தரியின் ஸ்பிரிங்கில் துரு பிடிக்கிறதா? பழம் நறுக்குவதால் கத்தியின் மூட்டுக்கு உணவுத் தர மினரல் ஆயில் ஒரு சொட்டு விட நினைக்கிறேன். போதுமா, தூசியை இழுத்துப் பிசுபிசுக்குமா?