அம்மா தக்காளியை ஒதுக்கிவிட்டார், ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் ஊசியை என்ன செய்வது?

மூணாவது மாடி வேளச்சேரி:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் பத்து நாளாக ஒரு பஞ்சாயத்து ஓடுகிறது, விவரம் தெரிந்தவர்கள் தீர்த்து வையுங்கள். என் மாமா, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ போட்டார். பெங்களூர் தக்காளி, விதையில்லாத திராட்சை, பப்பாளி, பளபளவென்று இருக்கும் கத்தரிக்காய் எல்லாமே மரபணு மாற்றியவை, சாப்பிட்டால் கேன்சர் வரும் என்று அதில் ஒருவர் அடித்துப் பேசுகிறார். அன்றிலிருந்து அம்மா தள்ளுவண்டிக்காரரிடம் நாட்டுத் தக்காளி மட்டும்தான் கேட்கிறார், விலை கூடினாலும் பரவாயில்லையாம். ஞாயிற்றுக்கிழமை நான் கோயம்பேட்டிலிருந்து தூக்கி வந்த இரண்டு கிலோ திராட்சை அப்படியே வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் போய்விட்டது. (நமக்கு வரும் கேன்சர் அவருக்கு வராதா என்று கேட்டேன், முறைத்தார்.)

விஷயம் அதுவல்ல. அம்மாவுக்கு 68 வயது, ஏழு வருடமாக இன்சுலின் போடுகிறார். நேற்று ராத்திரி டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் ‘ஆர்டிஎன்ஏ ஆரிஜின்’ என்று இருக்கிறது. தேடிப் படித்தேன், மரபணு மாற்றிய நுண்ணுயிரை வைத்துச் செய்தது என்று அர்த்தமாம், அசல் மரபணு மாற்றுச் சரக்கு அதுதான் போலிருக்கிறது! இதைச் சொன்னால் ஊசியையும் நிறுத்திவிடுவாரோ என்று பயம். உண்மையில் நம் காய்கறிப் பையில் எது மரபணு மாற்றியது? அம்மாவிடம் சொல்லலாமா, வேண்டாமா?

நாற்றங்கால்:

உங்கள் மாமா சொன்ன நாலில் ஒன்றுகூட இல்லை. இந்தியாவில் சட்டப்படி வயலில் இருக்கும் மரபணு மாற்றுப் பயிர் ஒன்றே ஒன்று, 2002-ல் அனுமதி வாங்கிய பி.டி. பருத்தி. பி.டி. என்ற மண் பாக்டீரியாவின் மரபணுவை வைத்து, காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே செய்யும்படி மாற்றியது. பெங்களூர் தக்காளி வெறும் வீரிய ஒட்டு ரகம், இரண்டு தக்காளிச் செடிகளைக் கலப்பு செய்தது, அவ்வளவுதான். விதையில்லாத திராட்சை இயற்கையிலேயே வந்த ஒரு மாற்றம், குச்சி வெட்டி நட்டு நட்டுப் பெருக்கியது. கடையில் கிடைக்கும் பப்பாளி பெரும்பாலும் தைவான் ஒட்டு ரகம். மரபணு மாற்றிய பப்பாளி உண்டு, ஆனால் அது ஹவாயில், ஒரு வைரஸ் தோட்டம் தோட்டமாக அழித்ததால் 1998-ல் கொண்டு வந்தார்கள். மரபணு மாற்றிய தக்காளியும் அமெரிக்காவில் 1994-ல் கடைக்கு வந்தது, சில வருடங்களிலேயே மூட்டை கட்டிவிட்டார்கள்.

ஆனால் ஒன்றுமே நம் வாய்க்குள் போகவில்லை என்றும் சொல்ல முடியாது. நம் பருத்தியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பி.டி., அந்தக் கொட்டையிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள், பிண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்து வரும் சோயா எண்ணெயும் பெரும்பாலும் மரபணு மாற்றிய சோயாவிலிருந்துதான். சுத்திகரித்த எண்ணெயில் அந்தப் புரதமோ மரபணுவோ கிட்டத்தட்ட மிஞ்சாது என்பது வேறு விஷயம். ரேஷன் பாமாயில், சூரியகாந்தி, நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எதிலும் இந்தப் பேச்சே இல்லை. அப்புறம் பருத்திப்பால் குடிப்பவர்கள் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள், ஹி ஹி. பயப்பட அல்ல, பி.டி. புரதம் புழுவின் குடலில்தான் வேலை செய்யும், நம் வயிற்றில் மற்றப் புரதம் மாதிரி செரித்துவிடும். அதே பாக்டீரியாவை இயற்கை விவசாயம் செய்பவர்களும் செடிமேல் தெளிப்பார்கள்.

இன்னொன்று, உங்கள் வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன் தரமணி. அங்கே சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அலையாத்தி மரத்தின் மரபணுவை நெல்லில் வைத்து உப்பு தாங்கும் ரகம் செய்தார்கள். அது இன்னும் வயலுக்கு வரவில்லை.

மருந்துக்கடை மகள்:

முதலில் ஒன்று, ஊசியை எக்காரணம் கொண்டும் நிறுத்த விடாதீர்கள். சர்க்கரை ஏறினால் அப்புறம் திராட்சையா தக்காளியா என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

மயிலாப்பூரில் அப்பாவுக்கு மருந்துக்கடை இருந்தது. அந்தக் காலத்தில் இன்சுலின் என்றால் மாடு அல்லது பன்றியின் கணையத்திலிருந்து எடுத்ததுதான். சுத்த சைவப் பாட்டிகள் தினமும் அதைத்தான் போட்டுக்கொண்டார்கள். வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள், அப்பாவும் டப்பாவைக் காகிதத்தில் சுற்றித்தான் கொடுப்பார். 1978-ல் மனித இன்சுலினுக்கான மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்துக் காட்டினார்கள், 1982-ல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி வந்தது. இப்போது பாக்டீரியா இல்லையென்றால் ஈஸ்ட், நம் தோசை மாவு புளிப்பது மாதிரி பெரிய தொட்டிகளில் வளர்த்து, அவை செய்யும் இன்சுலினைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்கிறார்கள். ஊசிக்குள் போவது இன்சுலின் மட்டும், நுண்ணுயிர் அல்ல. நம் உடம்பு சுரப்பதும் அதேதான், சில வகைகளில் மட்டும் சின்ன மாற்றம் இருக்கும். குழந்தை பிறந்ததும் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் இதே வழிதான், ஹைதராபாத்தில் ஒரு கம்பெனி 1997-லேயே சொந்தமாகச் செய்துவிட்டது.

ஊசியை விடுங்கள், இங்கே வேலூர் சி.எம்.சி.யில் ஹீமோபிலியா (ரத்தம் சரியாக உறையாத பிறவிக் குறை) நோயாளிகள் ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை கொடுத்து, கண்காணித்த காலம் முழுக்க ஒருவருக்கும் ரத்தக்கசிவு வரவில்லை என்று 2024 டிசம்பரில் வெளியானது. அதைப் படித்துவிட்டு யாரும் ஐயோ மரபணு என்று அலறவில்லை, எத்தனை லட்சம் ஆகும் என்றுதான் கேட்டார்கள்.

பெரம்பலூர் டூ பெரம்பூர்:

ஏன் அலறவில்லை என்றால் அதில் லாபம் நம் உடம்புக்கு நேரே தெரிகிறது. பி.டி. கத்தரி வந்தால் மருந்து அடிப்பது குறையும், அது கத்தரி போடுகிறவனுக்கு லாபம், சென்னையில் வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு என்ன தெரியும்? ஒரு சொத்தை கத்தரிக்காய் குறையும், அவ்வளவுதான்.

எங்கள் சித்தப்பா பெரம்பலூர் பக்கம் பருத்தி. பி.டி. வந்த புதிதில் காய்ப்புழுவுக்கு மருந்து அடிக்கும் செலவு நன்றாகக் குறைந்தது, அதை நான் மறைக்கமாட்டேன், ஸ்பிரேயரைத் தோளில் மாட்டிக்கொண்டு தலைசுற்றி வரப்பில் உட்கார்ந்தவர் அவர். ஆனால் அப்போது 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதா விதை ஒரு தனிப் பொட்டலம் கொடுத்தார்கள், ஓரத்தில் விதைக்க. புழுவுக்கு ஒரு பக்கம் சாதாச் செடி கிடைத்தால்தான் விஷத்துக்குப் பழகாத புழுவும் மிஞ்சி, பழகியதோடு கலக்கும். யார் விதைத்தார்கள்? எங்கள் ஊரில் அந்தப் பொட்டலம் வரப்போரம் கிடக்கும். இப்போது இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி.யையே தின்றுவிட்டுப் போகிறது, சாறுறிஞ்சும் பூச்சிக்கு எப்படியும் மருந்து அடிக்க வேண்டும், வருடா வருடம் விதையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். நிறைய பேர் இதை மலட்டு விதை என்று சொல்வார்கள், அதுவும் தப்பு. வீரிய ஒட்டு என்பதால் எடுத்து வைத்த விதை ஒரே மாதிரி வராது, அதனால்தான் வாங்குகிறோம்.

நாட்டுக்கத்தரி:

மேலே எல்லாரும் கேன்சர் பயத்தைக் கிண்டல் செய்துவிட்டுப் போய்விட்டீர்கள், சரி. எதிர்ப்பவர்கள் எல்லாரும் வாட்ஸ்அப் மாமா அல்ல. 2009 அக்டோபரில் பி.டி. கத்தரிக்கு அனுமதிக் குழு பச்சைக்கொடி காட்டியது, 2010 பிப்ரவரி 9-ம் தேதி அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்தார். நம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் அந்தக் கத்தரியில் பங்கு உண்டு. அன்று கேட்டது விஷமா இல்லையா என்று மட்டும் அல்ல. சோதனையை விற்கிற கம்பெனியே செய்தால் எப்படி, இலவம்பாடி முள்ளுக்கத்தரி மாதிரி ஊருக்கு ஒரு ரகம் வைத்திருக்கும் நாட்டில் மகரந்தம் கலந்தால் யார் பொறுப்பு என்றும் கேட்டார்கள். அதற்கு இன்றைக்கும் நேரான பதில் இல்லை. பங்களாதேஷ் 2014 முதல் பயிரிடுகிறது என்பார்கள், சரி, ஆனால் 2019-ல் ஹரியானாவில் அனுமதியில்லாத பி.டி. கத்தரி வயலிலேயே பிடிபட்டதே, அது எப்படி வந்தது? 2022-ல் சில வகை ஜீன் எடிட்டிங்கை, அதாவது வெளி மரபணு சேர்க்காமல் செடியின் சொந்த மரபணுவையே திருத்துவதை, மரபணு மாற்றுப் பயிர்களுக்கான பெரும்பாலான விதிகளிலிருந்தே விலக்கிவிட்டார்கள். அப்படித் திருத்திய நெல் நாளைக்கு அரிசிக்கடைக்கு வந்தால் பையைப் பார்த்து நமக்குத் தெரியுமா? எனக்கு வேண்டியது பையில் அதைச் சொல்லும் ஒரு வரி. இன்சுலின் டப்பாவில் பொடி எழுத்திலாவது போட்டிருக்கிறார்களே, அந்த மரியாதை.

மூணாவது மாடி வேளச்சேரி:

எல்லாருக்கும் நன்றி. சொல்லிவிட்டேன். மருந்துக்கடை மகள் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை, அப்புறம் “அப்போ பாட்டி கடைசி வரைக்கும் பன்னியையா போட்டுக்கிட்டாங்க?” என்றார். பாட்டி வெங்காயம்கூடச் சாப்பிடாதவர். எனக்குப் பதில் தெரியவில்லை. ஊசி வழக்கம்போல ஏழரைக்குப் போட்டாயிற்று. இன்றைக்கு சாம்பாரில் பெங்களூர் தக்காளிதான். மாமாவுக்கும் நாற்றங்கால் எழுதியதை அனுப்பினேன், இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. சாயங்காலம் பருத்திப்பால் வாங்கி வா என்று அம்மா சொல்லியிருக்கிறார், அதைப் பற்றி மட்டும் நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.